இறக்கத்துக்கும் கொஞ்சம் கால் மிச்சம் வேண்டும்

ஜேடர்பாளையம் தடுப்பணையிலிருந்து பிரிகிற ராஜ வாய்க்கால் கரையோரம் ஓடிப் பழகியவருக்கு, ஓட்டம் என்றால் சமதளம்தான். வாழையும் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும் கூடவே வரும். முதல் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்றால் பத்தாவதுக்கும் ஏறக்குறைய அதே ஆறு நிமிடம். இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு மலை ஓட்டத்துக்குப் போகும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

பக்கத்துக் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே சுமார் ஆயிரம் மீட்டர் உயர வித்தியாசம். பஸ்ஸிலேயே தலை சுற்றும் இந்த மாதிரிச் சாலையில், சமதளத்தில் ஒரு மணி நேரத்தில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் அது தோல்வி இல்லை.

மலை ஓட்டம் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள மகாராஷ்டிரத்தின் சதாரா நல்ல உதாரணம். 2012-லிருந்து அங்கே மலை அரை மாரத்தான் நடக்கிறது. ஊருக்குள் புறப்பட்டு, யவதேஷ்வர் மலைச்சாலையில் ஏறி, பாதி தூரத்தில் திரும்பி, வந்த வழியே இறங்க வேண்டும். மொத்தம் 21 கிலோமீட்டர். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நினைப்பார்கள்: ஏற்றத்தில் எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிட்டால், இறக்கம் தானாக இழுத்துக்கொண்டு போய்விடும்.

இழுத்துக்கொண்டு போவது உண்மைதான். ஆனால் அப்படி இழுக்கும்போது ஒவ்வோர் அடியிலும் பிரேக் போடுவது தொடையின் முன்பக்கத் தசை. ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. இந்த இரண்டாவது வேலைதான் தசை இழைகளை அதிகம் சேதப்படுத்தும். மூச்சு வாங்காததால் அது அந்த நேரத்தில் தெரியாது. அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் தொடக்கக் கிலோமீட்டர்கள் இறக்கம். அங்கே குஷியாக ஓடிவிட்டு, 32-வது கிலோமீட்டருக்கு அருகே வரும் ‘ஹார்ட்பிரேக் ஹில்’ மேட்டில் கால் மரத்துப் போய் நிற்பவர்கள் வருடா வருடம் உண்டு. உண்மையில் அது பெரிய மலையே இல்லை, இருபது முப்பது மீட்டர் ஏற்றம்தான். கால்களை அதற்கு முன்பே செலவழித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதற்கு மருந்து பழக்கம் மட்டுமே. ஒரு முறை இறக்கத்தில் ஓடி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்தோடு தாங்கும். ஜேடர்பாளையத்துக்காரருக்குக் கபிலர்மலை பக்கம்தான். முருகன் கோயில் குன்றில் நான்கைந்து முறை ஏறி இறங்கலாம். திருச்செங்கோடு மலைக்குப் படிகளோடு வாகனச் சாலையும் இருக்கிறது. ஓட்டத்துக்கு அந்தச் சாலைதான் பொருத்தம், படியில் இறங்குவது வேறு வித்தை. வாகன நடமாட்டம் தொடங்கும் முன் விடியற்காலையில் முடித்துவிட வேண்டும். கடைசிக் கடும் இறக்கப் பயிற்சிக்கும் ஓட்டத்துக்கும் நடுவே பத்துப் பதினைந்து நாள் இடைவெளி தேவை. முந்தின ஞாயிற்றுக்கிழமை போய் ஆசைக்கு ஒரு முறை இறங்கிப் பார்த்தால், அந்த வலியோடுதான் ஓட வேண்டியிருக்கும்.

ஓட்ட நாளை, புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவது நல்லது. காலை ஆறு மணிக்குக் கொல்லிமலை அடிவாரமான காரவள்ளியில் ஓட்டம் என்று வைத்துக்கொண்டால், ஐந்தேகாலுக்கு அங்கே இருக்க வேண்டும். கழிப்பறை வரிசை, வண்டி நிறுத்தம், கொஞ்சம் உடம்பைச் சூடாக்குவது, எல்லாவற்றுக்கும் அந்த முக்கால் மணி நேரம் சரியாகப் போகும். நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வண்டி வர வேண்டும் என்பதால், மூன்று மணிக்கே எழுந்தாக வேண்டும். முந்தின இரவு சரியாகத் தூக்கம் வராது. அதனால் பெரிய நஷ்டம் இல்லை, அதற்கு முந்தின இரவுத் தூக்கமே முக்கியம். நம்பர் அட்டை, ஊக்கு, காலணி எல்லாம் இரவே ஒரே பையில் இருக்கட்டும். புதுக் காலணியை அன்றைக்குத்தான் போடுவேன் என்று பெட்டியிலேயே வைத்திருப்பவரை வீட்டில் இருப்பவர்கள் தடுக்கலாம்.

சாப்பாடு விஷயத்தில் இந்த ஊர்க்காரர்கள் வெளியே தேட வேண்டியதே இல்லை. பிலிக்கல்பாளையம் சந்தை வெல்லத்துக்குப் பேர் போனது. வேலூர்ப் பக்கம் வாழைக்குக் குறைவில்லை. புறப்பட இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்பு மூன்று நான்கு இட்லி. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. மீதிக்கு நெல்லிக்காய் அளவு வெல்ல உருண்டைகள் சில. ஜெல் பாக்கெட்டுதான் வேண்டுமென்றால் வாங்கலாம், ஆனால் பயிற்சியில் ஒரு முறையாவது சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீர் தாகத்துக்கு மட்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. தண்ணீர் குறைந்ததால் அல்ல, ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்ததால். மெதுவாக நெடுநேரம் ஓடுகிறவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம், மலையில் எல்லோருமே மெதுவாகத்தான் ஓடுகிறோம். கூடவே இன்னொன்று: வலி வரும் முன்பே டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போடும் பழக்கம். வியர்த்துக் காய்ந்த உடம்பில் அது சிறுநீரகத்தின் மேல் போய் விழும். கட்டாயம் தவிர்க்க வேண்டியது.

ஏற்றத்தில் கைக்கடிகாரத்தை மறந்துவிடலாம். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே அளவு. முடியவில்லை என்றால் நடக்க வேண்டும். செங்குத்தான இடத்தில் வேகமாக நடப்பவருக்கும் தத்தித் தத்தி ஓடுபவருக்கும் நேர வித்தியாசம் சொற்பம், செலவாகும் மூச்சு மட்டும் வேறு. கொண்டை ஊசி வளைவின் உள்ளோரம் தூரம் குறைவு என்றாலும் சாய்வு அதிகம். போக்குவரத்தை முழுக்க நிறுத்தியிருந்தால் வெளியோரமாகப் போவது லாபம். நிறுத்தவில்லை என்றால், எந்தப் பக்கம் ஓடச் சொல்கிறார்களோ அந்தப் பக்கம்தான். இறக்கத்தில் நீண்ட எட்டு வேண்டாம். சின்னச் சின்ன வேகமான அடிகள், பார்வை பத்தடி முன்னே.

இனி வானிலை. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் நடந்தது. 172 பேர் கலந்துகொண்டார்கள். பலரும் அரைக்கால் சட்டை, மெல்லிய பனியனோடு ஏறியிருந்தார்கள். உயரத்தில் திடீரென்று காற்றும் ஆலங்கட்டி மழையும் அடிக்க, குளிரில் 21 பேர் இறந்துபோனார்கள். காற்றைத் தடுக்கும் மேல்சட்டை கட்டாயப் பட்டியலில் இல்லை. மழைக்கு ஒதுங்க ஒரு குகைக்குள் போன ஆடு மேய்ப்பவர் ஜு கெமிங், ஆறு பேரை அங்கே சேர்த்து நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார்.

கொல்லிமலை அந்த அளவு குளிரும் இடம் இல்லைதான். ஆனால் அடிவாரத்தில் வியர்த்து நனைந்த பனியன் மேலே மூடுபனியில் சில்லென்று ஒட்டிக்கொள்ளும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் மழைச்சட்டை ஒன்று இடுப்பில் இருந்தால் போதும். முடிவிடம் மேலே என்றால், காய்ந்த சட்டையும் ஸ்வெட்டரும் அங்கே காத்திருக்கும் பையில் இருக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது வீட்டுக்காரர்களின் வேலை. மலைச்சாலையில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. அதனால் எந்த நேரத்துக்கு, எந்தக் கடை வாசலில் சந்திப்பது என்பதை முந்தின நாளே பேசிவிட வேண்டும்.

நெஞ்சில் இறுக்கம், இடது கை வலி, தலை கிறுகிறுப்பு, திடீர்க் குளிர் நடுக்கம் இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் பெயர் கொடுப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும். ‘பணம் கட்டிவிட்டேனே’ என்ற நினைப்புதான் பலரை நிற்க விடாமல் செய்கிறது.

முடித்ததும் பத்து நிமிடம் நடை, உப்புப் போட்ட மோர், காய்ந்த சட்டை. அடுத்த இரண்டு நாளைக்குப் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்க வேண்டியிருக்கும், வீட்டில் கேலி செய்வார்கள். அன்று மதியமே தெம்பு இருந்தால், வண்டியை நேராகத் தடுப்பணைக்கு விட்டு, வாசலில் சுடச்சுட வறுபடும் மீனை வாங்கிக்கொண்டு உட்காரலாம்.