திரையில் சரிவு, தரையில் சுவர்

கூகுள் எர்த் பயன்படுத்துபவர்கள் ஒருமுறையாவது அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனுக்குப் பறந்து போயிருப்பீர்கள். அரிசோனா பாலைநிலத்தை அறுத்துக்கொண்டு கொலராடோ ஆறு 446 கி.மீ. ஓடும் பள்ளத்தாக்கு அது. மவுஸை இழுத்தால் மலை சாய்கிறது. சக்கரத்தை உருட்டினால் ஆறு கிட்டே வருகிறது. பார்க்க அருமைதான். ஆனால் இப்படிப்பட்ட இடத்தில் திரையை மட்டும் நம்பி வழி குறிக்கக் கூடாது என்பது என் கட்சி.

முப்பரிமாணப் படத்திற்கு அடியில் இருப்பது வெறும் உயரங்களின் அட்டவணை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்களில் உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தை ரேடாரால் அளந்தது. அந்தத் தகவல் இலவசமாக டவுன்லோட் செய்யக் கிடைப்பதால் பல மென்பொருள்கள் அதையே எடுத்துக்கொண்டன. அதில் சுமார் 30 மீட்டருக்கு ஓர் உயரம்தான் உண்டு. இடைப்பட்டதைக் கம்ப்யூட்டர் நேர்கோடாக இணைத்துவிடும்.

நடுவில் 10 மீட்டர் செங்குத்துப் பாறை இருந்தால்? 30 மீட்டரில் 10 மீட்டர் இறக்கம், அதாவது 18 டிகிரி சரிவு என்று கணக்குப் போடும். நடந்தே இறங்கலாம் போலிருக்கும். போய்ப் பார்த்தால் மூன்று மாடி உயரச் சுவரின் விளிம்பில் நிற்பீர்கள். கோடையில் அங்கே 40 டிகிரி வெயில் சாதாரணம். கீழே ஆறு தெரியும், தண்ணீர் எட்டாது. குறுகிய பள்ளங்களில் ரேடார் படாமல் விட்டுப்போன இடங்களும் உண்டு. அவற்றைப் பிறகுதான் நிரப்பினார்கள்.

பிராட்ஃபோர்டு வாஷ்பர்ன் 1971-ல் தொடங்கி, ஹெலிகாப்டரில் பாறை முனைகளில் இறங்கி லேசரால் தூரம் அளந்து, 1978-ல் இதே பள்ளத்தாக்கின் மையப்பகுதிக்கு வரைபடம் வெளியிட்டார். ஏழு வருட உழைப்பு! அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் தாள்களில் இங்கே சம உயரக் கோடுகள் 40 அடிக்கு ஒன்று. அதிலும் 30 அடிப் பாறை இரு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும்தான். ஆனால் அந்த 40 அடிக் கணக்கைத் தாளின் அடியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

மென்பொருளோ கர்சரை வைத்ததும் ஒரு மீட்டர்கூடப் பிசகாதது போல உயரத்தைக் காட்டுகிறது. இன்று விமானத்திலிருந்து லேசரால் அளக்கும் லிடார் முறையில் 1 மீட்டர் இடைவெளித் தகவலே பல பகுதிகளுக்கு வந்துவிட்டது. திரையில் தெரியும் மலை அதுவா, பழைய 30 மீட்டரா? அந்த உயரத்தின் பக்கத்தில் புள்ளி இடைவெளியையும் ஒரு எண்ணாகப் போட எத்தனை வரி புரோகிராம் தேவைப்படும்?