கண்ணாடியில் யார் முகம்?

டீ குடிக்கப் போன இடத்துல ஆரம்பிச்ச சண்டை மக்களே. இன்னும் ஆறல, அதான் இங்க வந்து கொட்டறேன்.

இங்கிலாந்துல பிரிஸ்டல்னு ஒரு துறைமுக ஊர். 2020 ஜூன்ல அங்க எட்வர்ட் கோல்ஸ்டன் சிலையை ஜனங்க கயிறு கட்டி இழுத்துத் தண்ணியில தள்ளினது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் செயின்ட் மேரி ரெட்கிளிஃப் சர்ச்சுல அவரைப் போற்றி வச்சிருந்த நாலு வண்ணக் கண்ணாடிகளையும் கழட்டிட்டாங்க. "வரலாற்றையே அழிக்கிறானுங்க"ன்னு நண்பர் பொங்கறார்.

அழியறது வரலாறு இல்ல சார், நன்றிக் கடுதாசி.

கோல்ஸ்டன் பள்ளிக்கூடம் கட்டினார், ஏழைகளுக்கு வீடு கொடுத்தார். இல்லைன்னு யார் சொன்னா? பணம் எங்கேர்ந்து வந்துச்சு? ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில அவர் முக்கியப் புள்ளி. அவர் அதுல இருந்த காலத்துல அந்தக் கம்பெனி சுமார் 84,000 ஆப்பிரிக்கர்களை அடிமைகளா கப்பல்ல ஏத்துச்சு, அதுல 19,000 பேர் வழியிலேயே செத்தாங்கங்கறது வரலாற்றாளர்கள் கணக்கு. இதுல கொடுமை என்னன்னா, அவர் பேர்ல இருந்த பள்ளிக்கு முத்திரை வாக்கியமே நல்ல சமாரியன் கதையிலேர்ந்து எடுத்ததுதான்!

இந்தக் கணக்கெல்லாம் அந்தக் கண்ணாடியில இருந்துச்சா? இல்லையே. அப்புறம் அது எப்படி வரலாறு? வரலாறு புத்தகத்துல இருக்கு, மியூசியத்துல இருக்கு. அந்தச் சிலையே இப்ப எம் ஷெட் மியூசியத்துலதான் இருக்கு, பெயின்ட் கறையோட. முன்னைவிட இப்பதான் அது நிறைய பாடம் நடத்துது. சன்னல் பாடம் நடத்தாது. வெயிலைப் பின்னாடி நிறுத்தி, "இவரை அண்ணாந்து பார்"னு மட்டும்தான் சொல்லும்.

அப்ப ஊர்க்காரங்களைக் கண்ணாடியில வைக்கவே கூடாதா? தாராளமா வைக்கலாம். அதே ஊர்ல பிரிஸ்டல் கதீட்ரலுக்குப் போங்க. 1940ல குண்டு விழுந்தப்ப ஓடி ஓடி வேலை பார்த்த நர்சுங்க, தீயணைப்புக்காரங்க, வார்டன்கள், ஆம்புலன்ஸ்காரங்க எல்லாம் யூனிஃபார்மோட சன்னல்ல நிக்கறாங்க. யாரும் பெரிய மனுஷன் இல்ல. யாரும் செக் எழுதிக் கொடுக்கல. உசிரைக் கொடுக்கத் தயாரா நின்னாங்க. கண்ணாடி அவங்களுக்குத்தான். பணம் கொடுத்தவனுக்கு ரசீது போதும்.

ரெட்கிளிஃப்ல வெறும் ஓட்டையா விட்டுடல. 2022ல போட்டி வச்சாங்க, ஒரு இளம் டாக்டரோட வடிவம் ஜெயிச்சுது. அதுல அடிமைக் கப்பலும் இருக்கு, கறுப்பர்களை வேலைக்கு எடுக்க மாட்டோம்னு நின்ன பஸ் கம்பெனியை 1963ல பணிய வச்ச புறக்கணிப்பும் இருக்கு. இப்ப சொல்லுங்க, எதுல வரலாறு அதிகம்?

"நாளைக்கு இதையும் கழட்டுவானுங்களே?" கழட்டட்டும். துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கற ஈயப் பட்டை நூறு வருஷம் போனா தளர்ந்துடும், பிரிச்சு மறுபடி கட்டித்தான் ஆகணும். பிரிக்கவே கூடாதுன்னு யாரும் சன்னல் செய்யல.

டிஸ்கி: நண்பர் இன்னும் ஒத்துக்கல. நாளைக்கு டீ என் கணக்கு. என் பேரைக் கிளாஸ்ல எழுத வேணாம் :-)