பிரம்பை வாழ்த்தும் நினைவு

அடிமைப்பட்டவன் கையிலுள்ள விலங்கை ஒடித்தல் எளிது. அவன் நெஞ்சில் அவ்விலங்கைப் பற்றி ஊறிக் கிடக்கும் இனிய நினைவை ஒடித்தல் அரிது. கையில் பூட்டிய விலங்கு ஒருநாள் துருவேறி உதிரும். நினைவில் பூட்டிய விலங்கோ ஆண்டுக்காண்டு மெருகேறும். ஆண்டவன் போன பின்னும், அவன் கட்டிய மாளிகை இடிந்த பின்னும், அடிபட்டவன் அந்த அடியின் அருமையைத் தன் பேரனுக்கு எடுத்துரைத்துக் கொண்டிருப்பான். இதற்குச் சான்று இங்கிலாந்தின் கீழைக் கடற்கரையில் உள்ளது. அச்சான்றைத் தமிழர் உற்று நோக்க வேண்டிய கரணியமும் உண்டு.

சபோக்கு மாவட்டத்தில் ஓர்வெல், இசுடவர் என்னும் ஈராறுகள் கடலொடு கலக்குமிடத்தில் நீண்டு நிற்கும் நிலமுனை சாட்லி. அங்கே 1905ஆம் ஆண்டு வெள்ளையரின் அரச கடற்படை சிறுவர்க்கென ஒரு பயிற்சிப் பாசறை அமைத்தது. 1976ஆம் ஆண்டு மூடப்படும் வரை ஏறத்தாழ 1,50,000 பேர் அதன் வாயிலுள் புகுந்து கடற்படையாளராக வெளிவந்தனர். இரண்டாம் உலகப்போர் ஆண்டுகளில் வளர்ந்த ஆடவர்க்கு அங்குப் பயிற்சி தரப்பட்டது. மற்றைய காலமெல்லாம் அது சிறுவர்களின் பாசறையே. அதன் பெயர் என்ன? கங்கை! ஐரோப்பியர் வாயில் 'கேஞ்சீசு' எனத் திரிந்த கங்கை!

இங்கிலாந்தின் குளிர்கடல் ஓரத்திற்குக் கங்கை எவ்வாறு போயிற்று? 1821ஆம் ஆண்டு மும்பைக் கப்பல் தளத்தில், வாடியா குடும்பத்துக் கைவல்லாரின் மேற்பார்வையில், 84 பீரங்கி தாங்கும் போர்க்கலம் ஒன்று தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. அதற்கு இட்ட பெயரே கங்கை. 1857 முதல் 1861 வரை அது அமைதிப் பெருங்கடலில் வெள்ளையர் படைத்தலைவரின் கொடிக்கலமாக உலவியது. கனடா நாட்டின் மேலைக்கரைத் தீவொன்றில் ஒரு துறைக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. நீராவிக் கலங்கள் வந்தபின் போருக்குப் பயன்படாத அக்கலம் சிறுவர் பயிற்சிக் கப்பலாயிற்று. 1899ஆம் ஆண்டு ஆர்விச்சுத் துறைக்கு இழுத்து வரப்பட்டது. பின்னர்ப் பயிற்சி கரைக்கு மாறியது, பெயரும் கரையேறியது. கலம் 1929ஆம் ஆண்டு விற்கப்பட்டு உடைக்கப்பட்டது.

மரம் இந்நாட்டு மண்ணில் விளைந்தது. செதுக்கிய கை இந்நாட்டுக் கை. பெயர் இந்நாட்டு ஆற்றின் பெயர். கொடி மட்டும் வெள்ளையன் கொடி! அம்மரத்தைக் கொண்டே இம்மண்ணை அடக்கும் கடல்வலியை அவன் வளர்த்தான். வல்லாண்மை என்பது நாட்டைக் கொள்ளையிடுவதோடு நிற்பதன்று. பெயரையும் கொள்ளையிட்டுத் தன் கலத்தின் நெற்றியில் பொறித்துக் கொள்வதே வல்லாண்மை.

இனி, அப்பாசறைக்குள் நிகழ்ந்ததைக் காண்க. பதினைந்து அகவைச் சிறுவன், பெற்றோர் ஒப்புதலொடு, அங்குச் சேர்ந்தான். அவனை நெடுங்காலம் பிணித்த உடன்பாடு யாது? பதினெட்டாம் அகவையிலிருந்து எண்ணப்படும் பன்னிரண்டு ஆண்டுப் பணி! மீசை அரும்பாத பிள்ளை தன் முப்பதாம் அகவை வரைக்கும் தன்னை எழுதிக் கொடுத்தான். தன் உடைகளில் தன் பெயரைத் தானே ஊசிநூல் கொண்டு தைத்தான். பெயரைத் தைத்த அன்றே பழைய பிள்ளை மறைந்தான். எண்ணும் ஆணையும் உடைய படையாள் தோன்றினான்.

அப்பயிற்சியின் முதற்பாடம் சொல்லே! பாசறை நின்றது கெட்டித் தரையில். ஆயினும் அதைத் தரை என்று சொல்லலாகாது, கப்பலின் தளம் என்றே சொல்லவேண்டும். சுவருக்கும் அடுக்களைக்கும் கழிப்பறைக்கும் கப்பற்பெயர்களே வழங்கின. வாயிலைக் கடந்து ஊருக்குள் போவதற்குப் பெயர் கரைக்குப் போதல்! கடல் இல்லாத இடத்தில் கடலைச் சொல்லாலேயே கட்டினர். ஒருவனை வேறொருவனாக்க வேண்டுமெனின் முதலில் அவன் நாவிலுள்ள சொல்லை மாற்றுக என்பது அக்கடற்படை நன்கறிந்த பாடம். தமிழ்நாட்டில் மொழியைப் பற்றிப் பேசினால், "சொல்லில் என்ன இருக்கிறது?" என்று தோளைக் குலுக்கும் படித்தவர்கள் இதற்கு என்ன விடை கூறுவர்?

பாசறை நடுவே 140 அடிக்கு மேற்பட்ட ஒரு பாய்மரம் 1907ஆம் ஆண்டு நடப்பட்டது. சிறுவர் அனைவரும் அதில் ஏறியிறங்கிப் பழகினர். விழா நாள்களில் மரத்தின் கைகளெங்கும் சிறுவர் வரிசையாக நிற்க, ஒருவன் உச்சிக்குச் சென்று, ஒரு தட்டின் அளவேயுள்ள சிறு வட்டப் பலகையின்மேல், இடிதாங்கிக் கம்பியை முழங்கால்களுக்கிடையே பற்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்பான். கீழே பெருமக்கள் கைதட்டுவர். அவனுக்கு ஒரு வெள்ளிக்காசு பரிசு. தவறிழைத்தவர்க்குப் பரிசு வேறு: படிக்கட்டில் ஏறியிறங்கி ஓடும் ஓட்டம், பிரம்படி! 'அறிவே ஆற்றல்' என்பது பாசறையின் முழக்கவரி. அறிவு முழக்கவரியில் இருந்தது. ஆற்றல் பிரம்பில் இருந்தது.

அவ்வாறு பழக்கப்பட்ட இளம்பிள்ளைகளைப் போர் எவ்வாறு உண்டது என்பதற்கு ஒரு நாள் போதும். 1939ஆம் ஆண்டு அக்குதோபர் 14ஆம் நாள் 'இராயல் ஓக்கு' என்னும் போர்க்கப்பல் செருமானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. இறந்தோர் எண்ணூற்றுக்கு மேற்பட்டவர். அவருள் நூற்றுக்கு மேற்பட்டோர் பதினெட்டு அகவை நிரம்பாத சிறுவர்!

பள்ளியை விட்டு நீங்கும் அகவை இங்கிலாந்தில் 1972ஆம் ஆண்டு பதினாறாக உயர்த்தப்பட்டது. பதினைந்து அகவைப் பிள்ளைகள் வந்த வழி அடைபட்டது. நான்காண்டில் பாசறையும் மூடப்பட்டது. பிரம்பு தானாக ஓயவில்லை; பிள்ளைகள் பள்ளியில் தங்கியதால் பிரம்புக்கு ஆள் இல்லாமற் போயிற்று. கல்விச் சட்டம் ஒன்று ஒரு பாசறையின் அடிவேரையே அசைத்தது என்பதைக் கருத்திலிருத்துக.

பின்னர் அவ்விடம் சில காலம் வேறு பயன்களுக்கு உதவிப் பாழாயிற்று. பழமை காணும் வேட்கையர் உடைந்த பலகணிகளினூடே புகுந்து, வறண்ட நீச்சற் குளத்தையும், உரிந்த சுவர்களையும், மருத்துவமனை அறைகளையும் படம் பிடித்தனர். கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன. புதிய குடியிருப்புகள் எழுந்தன. பாய்மரம் மட்டும் சட்டக் காப்புப் பெற்று, அண்மை ஆண்டுகளில் செப்பனிடப்பட்டது.

அப்பாசறையில் பயின்ற முதியோர் தமக்கெனக் கழகம் அமைத்தனர், அருங்காட்சியகம் வைத்தனர், ஆண்டுதோறும் கூடினர். அவர்கள் நினைவுகள் இரு வகைப்பட்டன. சிலர் அங்குப் பட்ட கொடுமையை வெறுப்பொடு கூறினர். பலரோ, "அடி வாங்கினோம், அதனால்தான் ஆளானோம்" என்றனர். வயிற்றுப் பசியும் குளிரும் பிரம்பும் ஐம்பதாண்டுத் தொலைவில் தேனாகிவிட்டன! தோழமையின் இனிமையை அவர்கள் நினைப்பது இயல்பு. உடன் துன்புற்றவரிடையே உறவு தோன்றும். அது பிள்ளைகள் தாமே ஈன்ற இனிமை, பிரம்பு ஈன்றதன்று. ஆயினும் நினைவு இவ்விரண்டையும் பிணைத்துவிடுகின்றது. தோழனை வாழ்த்தப் புகுந்தவன் பிரம்பையும் சேர்த்து வாழ்த்திவிடுகின்றான். ஆண்டவனுக்கு இதனினும் பெரிய வெற்றி வேறில்லை.

எல்லாரும் அவ்வாறு வாழ்த்திவிடவில்லை என்பதற்கும் சான்றுண்டு. அதே அரசின் கீழ் மும்பையில் இருந்த செய்தித்துறைப் பயிற்சிப் பாசறை 'தல்வார்'. 1945ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் அதன் சுவர்களில் 'வெள்ளையனே வெளியேறு' என்னும் முழக்கம் எழுதப்பட்டிருந்தது. அதன் தலைமை அலுவலன் படையாள்களின் பிறப்பை இழித்து, கூலிகளின் பிள்ளைகள் என்றும் காட்டாள்களின் பிள்ளைகள் என்றும் திட்டினான். கூலி என்பது தமிழில் உழைப்பின் ஊதியத்தைக் குறிக்கும் தூய சொல். உழைத்துண்பதையே இழிவாக்கிய வாய் அவ்வாய்! கெட்ட உணவும் கெட்ட சொல்லும் கூடி, 1946ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அப்பாசறை கிளர்ந்தெழுந்தது. 78 கப்பல்களிலும் 20 கரைப்பாசறைகளிலுமாக ஏறத்தாழ 20,000 பேர் எழுந்தனர். கராச்சியில் 'பகதூர்' என்னும் சிறுவர் பயிற்சிப் பாசறையும் அதில் பங்கு கொண்டது. சாட்லியில் பிரம்பை வாழ்த்தப் பழகிய அதே அகவையில் கராச்சிப் பிள்ளைகள் பிரம்பைப் பற்றி இழுத்தனர்!

முடிவு என்ன? தலைவர்களின் அறிவுரைப்படி 23ஆம் நாள் அவர்கள் பணிந்தனர். பலர் படையினின்று நீக்கப்பட்டனர். விடுதலை வந்தது, ஆனால் இந்தியக் கடற்படையும் பாக்கித்தான் கடற்படையும் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. வெள்ளையன் போனான்; அவன் வகுத்த ஒழுங்கு போகவில்லை. இந்தியக் கடற்படை வெள்ளையன் மொழியில் கப்பல்களுக்கு முன்னடை இட்டது; வடமொழியில் முழக்கவரி பொறித்தது. கடலாண்ட தமிழன் மொழிக்கு அம்முழக்கத்தில் ஓரிடமும் இல்லை.

சாட்லி எங்கோ உள்ளது என்று தமிழர் அமைதியுறலாகாது. சாட்லி தமிழ்நாட்டின் தெருத்தோறும் உள்ளது. ஆங்கில வழிப் பள்ளி என்பது அதன் பெயர். சாட்லியில் பிள்ளைக்குப் பதினைந்து அகவை. இங்கே மூன்று அகவை! அங்கே ஆங்கிலப் பிள்ளை தன் தாய்மொழிக்குள்ளேயே வேறு சொல் பழகினான்; இங்கே தமிழ்ப்பிள்ளை தாய்மொழியையே வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே புக வேண்டியுள்ளது. தாய்ப்பாலொடு உண்ட சொல்லை உரைத்த குற்றத்திற்குத் தண்டம் வாங்கும் பள்ளிகள் தமிழ் மண்ணில் இருந்தன, இருக்கின்றன. அவ்வாறு தண்டம் செலுத்திய பிள்ளை வளர்ந்து தந்தையானதும் செய்வதென்ன? "அன்று தண்டம் கட்டினேன், அதனால்தான் இன்று ஆளானேன்" என்று தன் மகனையும் அதே வாயிலில் கொண்டு விடுகின்றான். சாட்லி முதியவன் கழகத்தில் கூடிப் பிரம்பை வாழ்த்தினான். தமிழ்த் தந்தையோ பணமும் கட்டிப் பிரம்பை வாங்கி வருகின்றான்!

சட்டம் துணை நின்றதா? ஐந்தாம் வகுப்புவரை தமிழே பயிற்றுமொழி என 1999ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு பிறப்பித்த ஆணையைச் சென்னை உயர்நெறிமன்றம் 2000ஆம் ஆண்டு தள்ளிவிட்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை ஒரு பாடமாக்கியது; பயிற்றுமொழி ஆக்கவில்லை. பின்னர் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழி வகுப்புகள் பெருகின. தாய்மொழி வழிக் கல்வியைத் தொடக்கப் பள்ளிகள்மேல் அரசு சுமத்தலாகாது எனக் கருநாடக வழக்கில் 2014ஆம் ஆண்டு உச்சநெறிமன்றம் தீர்ப்புரைத்தது. பெற்றோரின் விருப்பமே அதற்குச் சொல்லப்பட்ட கரணியம். சாட்லியிலும் பெற்றோர் கையெழுத்து இருந்ததே! கையெழுத்து இருந்ததனால் பிரம்படி நயன்மை ஆகிவிடுமா?

"ஆங்கிலம் இன்றிப் பிழைப்பு இல்லையே!" என்பார் உளர். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை எவரும் தடுக்கவில்லை. கருவியாகக் கையில் ஏந்துவது வேறு. அதனால் தாய்மொழியின் கழுத்தை நெரிப்பது வேறு. சப்பானியன் தன் மொழியில் கற்றே கப்பல் கட்டினான். கொரியன் தன் மொழியில் கற்றே உலகக் கடல்களுக்குக் கலம் விற்றான். கட்டுமரம் என்னும் சொல்லை உலகுக்கு ஈந்த தமிழன் மட்டும் கடல் என்று சொல்ல நாணுவதேன்?

இன்னொரு கலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கங்கைக்கு முன்னரே, 1817ஆம் ஆண்டு, அதே மும்பைத் தளத்தில் அதே தேக்கால் கட்டப்பட்ட போர்க்கலம் ஒன்றுக்குத் திருகோணமலையின் பெயர் இடப்பட்டது. அதுவும் பிற்காலத்தில் இளையோர் பயிற்சிக் கப்பலாகி 1986 வரை உழைத்தது. இன்று ஆர்ட்டில்பூல் துறையில் செப்பனிடப்பட்டு, 'திரிங்கோமலி' என்னும் திரிந்த பெயரொடு மிதக்கின்றது. வெள்ளையன் அக்கலத்தைக் காத்த காலத்தில், அப்பெயரை ஈன்ற மொழிக்கு அதன் மண்ணில் நேர்ந்தது யாது? 1956ஆம் ஆண்டு சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு வெள்ளையர் கடற்படை திருகோணமலைத் தளத்தை ஒப்படைத்து நீங்கியது. தமிழும் ஆட்சிமொழி என்று எழுத்தில் ஏற 1987 வரை முப்பத்தோராண்டு கழிந்தது. அதற்குள் குருதி ஆறாகிவிட்டது. கப்பல் நீரில் வாழ்ந்தது. பெயரிட்ட மக்கள் கரையில் வீழ்ந்தனர்.

வெள்ளையன் தன் பிள்ளைகள் ஏறிய ஒரு மரத்தைக்கூடச் சட்டம் இட்டுக் காத்தான். தமிழனோ தன் கடலோடிகளின் சொல்லையும் காக்கவில்லை. நாவாய், வங்கம், தோணி, மீகாமன், பாய்மரம், கலங்கரை விளக்கம் என ஏடுகளில் கிடப்பன ஒருபுறம். அணியம், அமரம், கொண்டல், வாடை எனக் கரையில் வலை இழுப்போர் வாயில் இன்றும் உயிர்ப்பன ஒருபுறம். படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம் என்பதை எத்தனைத் தமிழ்ப் பள்ளிப்பிள்ளை அறியும்? மீனவப் பாட்டன் இறந்தால் ஒரு சொற்களஞ்சியம் புதைகின்றது. அதற்குக் கழகம் எங்கே? அருங்காட்சியகம் எங்கே?

ஆகவே தமிழ்ப் பற்றாளர்க்குக் கடமை இரண்டு. தமிழ் பேசிய பிள்ளையிடம் தண்டம் கேட்கும் பள்ளி எதுவாயினும், அதன் வாயிலில் நின்று, பெற்றோர் பத்துப்பேர் கூடிக் கேள்வி கேட்க வேண்டும். கடற்கரை ஊர்தோறும் சென்று, முதியோர் வாய்ச்சொற்களை எழுதித் தொகுத்துப் பாடநூலில் ஏற்றப் போராட வேண்டும். முன்னது பிரம்பை முறிக்கும். பின்னது நாவை நிமிர்த்தும்.

சாட்லி பாழாயிற்று, அதனால் ஆங்கிலப் பிள்ளைக்கு இழப்பொன்றும் இல்லை. தமிழன் நாவு பாழாயின் தமிழனுக்கு எஞ்சுவது ஏதும் இல்லை. அடித்த கையை வாழ்த்தியது போதும். தமிழ்க் குழந்தை அச்சமின்றித் தமிழ் பேசும் பள்ளியே தமிழன் கட்ட வேண்டிய கலம். அக்கலத்திற்குத் தேக்கும் இங்கே உண்டு. கையும் இங்கே உண்டு. பெயரும் தமிழாகவே இருக்கட்டும்!