ஆறு கேள்வியில் முடிகிற கதையா?

இப்ப எங்கட வட்டத்தில் ஆரோடு கதைத்தாலும் "எனக்கு ஏடிஎச்டி" என்ற வசனம் வந்துவிடுகிறது. எப்படித் தெரியும் எண்டு கேட்டால் போனை நீட்டுகிறார்கள். ஆறு கேள்வி, நாலுக்குப் புள்ளடி. முடிஞ்சுது.

அந்த ஆறும் ரிக்ரொக்கில் பிறந்தவை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் பேரில் 2005இல் வெளிவந்த, வளர்ந்தவர்களுக்கான சுயமதிப்பீட்டுப் படிவத்தின் முதற்பகுதி அது. முழுப் படிவத்தில் 18 கேள்விகள். தொடங்கிய வேலையின் கடைசித் துண்டை முடிக்கக் கஷ்டமா, மோட்டர் பூட்டினமாதிரி ஓடுகிறீர்களா என்று கடந்த 6 மாதத்தைப் பற்றிக் கேட்கும். முதல் மூன்று கேள்விக்கு 'சிலவேளை' என்றாலே கணக்கில் சேரும். மற்ற மூன்றுக்கும் 'அடிக்கடி' வேணும். நாலு சேர்ந்தால் படிவம் சொல்வது, முறையாகப் பரிசோதியுங்கள் என்பது மட்டுமே. அரிதட்டில் நிற்கிறதெல்லாம் கல்லு இல்லை.

எத்தனை தரம் என்று எண்ணுகிற படிவம் ஏன் என்று கேட்காது. நித்திரையில்லாதவருக்கும் கவனம் சிதறும். மனச்சோர்வு, பதகளிப்பு, போர் விட்டுப்போன நெருக்கீடு எல்லாவற்றிலும் சிதறும். அதனால்தான் டிஎஸ்எம்-5 பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேணும், வீடு, வேலை என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேணும் என்கிறது. சரி, 2009இல் வன்னியில் 10 வயதாக இருந்த பிள்ளையின் 'முன்பு' எது? பங்கருக்குள் ஒரு சத்தத்துக்கும் திடுக்கிட்ட பிள்ளையின் துருதுருப்பை எந்தப் பெட்டியில் போடுவது? றிப்போட் புத்தகம் எந்த இடப்பெயர்வில் போனதோ! இதைப் பிரித்தறிய தமிழில், அவசரமில்லாமல், கேட்டுக் கதைக்கிற ஒரு ஆள் வேணும். ஸ்கிரீன்ஷொட்டுக்கு அது ஏலாது.

இதை வாசித்து "அதுதானே, எல்லாம் சோம்பல், போனை எறி" எண்டு தலையாட்டுகிற பெரியவர்களோடும் நாங்கள் இல்லை. வகுப்பில் யன்னலோரம் சத்தமில்லாமல் கனவுகண்ட பெட்டையைப் பற்றி ஒரு ரீச்சரும் முறைப்பாடு செய்யவில்லை. 'நல்ல பிள்ளை, கவனம் காணாது' எண்டு எழுதிவிட்டுப் போனார்கள். அவளுக்கு அந்த ஆறு கேள்விதான் முதல்முதல் திறந்த கதவாக இருக்கலாம்.

ஆகவே 18ஐயும் நிரப்புங்கள். ஐந்தாம் வகுப்பில் எப்படி இருந்தனான் எண்டு அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். டொக்டர் நித்திரையைப் பற்றிக் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.