இரத்தம் கொடுத்தவர்களுக்கு ஆய்வின் பலன் சேரட்டும்: மொன்றியலிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

கனடா மத்திய அரசுக்கும், கியூபெக் மாகாண அரசுக்கும், மொன்றியல் மாநகரசபைக்கும், இந்நகரின் மருத்துவ ஆய்வு நிறுவனங்களுக்கும், எங்கள் தமிழ்ச் சமூகத்துக்கும்.

மொன்றியலில் வாழும் தமிழர்களாகிய நாங்கள் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். எங்களில் தாதியர், சமூகப் பணியாளர், மாணவர் இருக்கிறார்கள். போதைமருந்தை ஊசியால் ஏற்றிய பிள்ளைகளின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் இருக்கிறார்கள். எங்கள் கோரிக்கைகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் எப்படிப் பரவுகின்றன, எப்படி நிற்கும் என்பதை உலகுக்குக் கற்பித்தவர்கள் இந்நகரில் ஊசி ஏற்றும் மக்கள். அந்த அறிவின் முழுப் பலனும் முதலில் அவர்களுக்கே சேர வேண்டும்.

முகவுரை

1989 ஜூன் மாதம் ஐந்தாவது சர்வதேச எயிட்ஸ் மாநாடு மொன்றியலில் கூடியது. எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்களும் அவர்களின் தோழர்களும் தொடக்க விழா மேடையில் ஏறினார்கள். நோயாளிகளின் உரிமைகளையும் தேவைகளையும் வரிசைப்படுத்திய மொன்றியல் பிரகடனத்தை உலகின் முன் வைத்தார்கள். அதே ஆண்டில் காக்டஸ் அமைப்பு நகர மையத்தில் புதிய ஊசிகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஹெபடைடிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்டதும் அந்த ஆண்டில்தான். அதற்காக 2020-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான மைக்கேல் ஹூட்டன் இன்று கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகிறார். எச்.ஐ.வி. சிகிச்சையில் உலகெங்கும் பயன்படும் லாமிவுடின் மருந்தும் பெர்னார் பெலோ முதலியோரின் உழைப்பில் மொன்றியலில் பிறந்தது.

மருந்து இங்கே பிறந்தது, ஆய்வு இங்கே நடந்தது, உரிமைக் குரலும் இங்கேதான் எழுந்தது. இவை இருந்தும், தடுக்கக்கூடிய தொற்றும் குணப்படுத்தக்கூடிய நோயும் இந்நகர மக்களை இன்னும் வருத்துகின்றன. இதை எங்களால் ஏற்க முடியாது.

ஆய்வுகள் சொன்னவை

சான்-லுக் வைத்தியசாலையில் 1988-ல் தொடங்கிய தொடர் ஆய்வுக்கு, ஊசி ஏற்றுவோர் திரும்பத் திரும்ப வந்து தங்கள் இரத்தத்தையும் வாழ்க்கை விபரங்களையும் கொடுத்தார்கள். 1,599 பேரின் தரவுகளைக் கொண்டு வைத்தியர் ஜூலி புரூனோவின் குழு 1997 டிசம்பரில் ஒரு கட்டுரை வெளியிட்டது. தொடக்கத்தில் எச்.ஐ.வி. இல்லாதிருந்தவர்களில், ஊசி மாற்று நிலையத்துக்குப் போனவர்களுக்குக் காலப்போக்கில் தொற்று ஏற்படும் வாய்ப்பு 33 சதவீதம் என்றும், போகாதவர்களுக்கு 13 சதவீதம் என்றும் அது கணக்கிட்டது.

இந்த இரண்டு எண்களையும் வாஷிங்டனில் தூக்கிப் பிடித்தார்கள். ஊசி மாற்றுத் திட்டங்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் பணம் போகக் கூடாது என்பதற்கு இதையே சான்று ஆக்கினார்கள். புரூனோவும் வன்கூவர் ஆய்வாளர் மார்ட்டின் ஷெக்டரும் 1998 ஏப்ரலில் நியூயோர்க் டைம்ஸ் நாளிதழில் எழுதி அதை மறுத்தார்கள். மிக அதிக ஆபத்தில் இருந்தவர்களே இலவச ஊசி தேடி வந்தார்கள். கொக்கெயினை ஒரே நாளில் பல தடவை ஏற்றும் அவர்களுக்குக் கிடைத்த ஊசிகளோ போதவில்லை என்று விளக்கினார்கள். தீப்பற்றிய வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் அனுப்பிவிட்டு, தண்ணீர் தீயை அணைக்காது என்று தீர்ப்புச் சொன்னது போலாயிற்று. அமெரிக்காவின் அந்த நிதித் தடை அப்போது நீங்கவில்லை.

அதே தொடர் ஆய்வின் 16 ஆண்டுத் தரவுகள் 2011-ல் வெளிவந்தன. 2000-க்குப் பிறகு புதிய எச்.ஐ.வி. தொற்றுகள் வேகமாகக் குறைந்ததை அவை காட்டின. ஹெபடைடிஸ் சி அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. இந்த வைரஸ் ஊசிக் குழாய்க்குள் 63 நாள் வரை உயிர்ப்புடன் இருக்கும் என்று 2010-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வு கண்டது. மருந்தைக் கரைக்கும் பாத்திரம், வடிகட்டும் பஞ்சு, பகிரும் தண்ணீர் எல்லாவற்றாலும் அது பரவக்கூடியது. அதற்குத் தடுப்பூசி இன்னும் இல்லை.

வைத்தியர் எலீஸ் ருவாவின் குழு, மொன்றியல் தெருக்களில் வாழ்ந்த 1,013 இளையோரைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் 26 பேர் இறந்தார்கள். அதே வயதுடைய கியூபெக் இளையோரின் இறப்பு விகிதத்தைப் போல் இது 11 மடங்குக்கும் மேல் என்று 2004-ல் அந்தக் குழு அறிவித்தது. அந்த 26 பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

எங்கள் கோரிக்கைகள்

1. ஊசியும் உபகரணங்களும் முழு அளவில் வேண்டும். 2030-க்குள் ஒருவருக்கு ஆண்டுக்கு 300 ஊசி என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கு. நாளுக்கு இருபது தடவை கொக்கெயின் ஏற்றுபவருக்கு அது 15 நாளுக்குத்தான் காணும். ஆகவே எண்ணிக்கை வரம்பு எங்கும் இருக்கக் கூடாது. ஊசியோடு பாத்திரம், வடிகட்டி, சுத்தமான நீர் எல்லாம் இரவிலும் வார இறுதியிலும் கிடைக்க வேண்டும்.

2. பரிசோதனை மக்களைத் தேடி வர வேண்டும். விரல் நுனி இரத்தத்தைக் கொண்டு ஒரு மணி நேரத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸைக் கண்டறியும் கருவி உலகில் வந்துவிட்டது. ஊசி வழங்கும் இடத்திலும், வீடற்றோர் விடுதியிலும், நடமாடும் வாகனத்திலும் அதை வையுங்கள். ஒரு நாள் இரத்தம் எடுத்து, முடிவுக்கு இன்னொரு நாள் அழைத்து, சிகிச்சைக்கு வேறோர் இடத்துக்கு அனுப்பும் முறையில் பலர் பாதி வழியில் விடுபட்டுப் போகிறார்கள்.

3. சிகிச்சைக்கு நிபந்தனை கூடாது. இன்றைய மாத்திரைகள் 8 முதல் 12 வாரங்களில் ஹெபடைடிஸ் சி-யைக் குணப்படுத்துகின்றன. "முதலில் போதையை விடு, பிறகு மருந்து" என்பது அறிவியல் ஒப்புக்கொள்ளாத பேச்சு. கனடா உட்பட 7 நாடுகளில், அண்மையில் ஊசி ஏற்றிய 103 பேருக்கு இந்தச் சிகிச்சை கொடுத்த ஆய்வில் 94 சதவீதம் பேருக்கு வைரஸ் நீங்கியது என்று 2018-ல் வெளிவந்தது. குணமானவருக்கு மீண்டும் தொற்றினால் கேள்வி கேட்காமல் மீண்டும் சிகிச்சை கொடுக்க வேண்டும்.

4. ஓபியாயிட் போதைமருந்துக்கு மாற்றான மெதடோன், புப்ரெனோர்பின் சிகிச்சை காத்திருப்பின்றிக் கிடைக்க வேண்டும். இவை ஹெபடைடிஸ் சி தொற்றும் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கின்றன. தாராளமான ஊசி விநியோகமும் சேரும்போது அந்த ஆபத்து 74 சதவீதம் குறைகிறது என்று 2017-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வு காட்டியது. கொக்கெயினுக்கு இத்தகைய மாற்று மருந்து இல்லாததால், அதற்கான ஆய்வுக்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும்.

5. கண்காணிப்புடன் ஊசி ஏற்றும் நிலையங்களைக் காக்க வேண்டும். வன்கூவரின் இன்சைட் நிலையத்தை மூடக் கூடாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2011 செப்டம்பர் 30-ஆம் திகதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மொன்றியலின் முதல் நிலையங்கள் 2017-ல்தான் திறந்தன. பாடசாலைகளுக்கு 150 மீற்றருக்குள் இத்தகைய நிலையங்கள் கூடாது என்னும் 103-ஆம் இலக்கச் சட்டமூலம் 2025 மே மாதம் கியூபெக் சட்டமன்றத்துக்கு வந்தது. பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றிப் பெற்றோருக்கு உள்ள கவலை நியாயமானது. அதற்கு விடை, அக்கம்பக்கத்தாரோடு பேசுவதும், தூய்மைப் பணிக்கும் இரவுப் பணியாளருக்கும் பணம் ஒதுக்குவதும். மாற்றிடம் திறக்கும் முன் எந்த நிலையத்தையும் மூடக் கூடாது.

6. சிறைக்குள்ளும் அதே உரிமை வேண்டும். மத்திய அரசின் சிறைகளில் 2018-ல் ஊசி மாற்றுத் திட்டம் தொடங்கியது. மொன்றியலின் போர்டோ உள்ளிட்ட மாகாணச் சிறைகளில் அது இல்லை. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும், அவர் விரும்பினால், பரிசோதனை செய்யுங்கள். சிகிச்சையை உள்ளேயே தொடங்குங்கள். விடுதலையாகும் நாளில் மீதி மருந்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

7. சொந்தப் பாவனைக்குச் சிறிதளவு வைத்திருப்பது குற்றமாக இருக்கக் கூடாது. இதை மத்திய அரசிடம் கேட்டு மொன்றியல் மாநகரசபை 2021 ஜனவரியில் தீர்மானம் நிறைவேற்றியது. பொலிசுக்குப் பயந்து ஒளிந்து அவசரமாக ஏற்றும் ஊசியில்தான் தொற்று ஏறுகிறது. குடியுரிமை இல்லாதவருக்கு ஒரு தண்டனை நாடுகடத்தலில் போய் முடியலாம்.

8. ஆய்வு மக்களோடு சேர்ந்து நடக்க வேண்டும். கேள்விகளை வகுக்கும் குழுவில் ஊசி ஏற்றுவோருக்கு ஊதியத்துடன் இடம் கொடுங்கள். முடிவுகளை விஞ்ஞான இதழில் போடும்போதே, பங்கெடுத்தவர்களுக்கும் அவர்கள் மொழியில் சொல்லுங்கள். தரவுகள் பொலிசுக்கோ குடிவரவு அதிகாரிகளுக்கோ போகாது என்பதற்குச் சட்ட உறுதி கொடுங்கள். ஆய்வை யாராவது திரித்துப் பயன்படுத்தினால், நிறுவனமே பகிரங்கமாக மறுக்க வேண்டும். 1998-ல் இரு ஆய்வாளர்கள் செய்ததை நிறுவனங்களின் கடமையாக்குங்கள்.

9. மொழியும் வதிவிட அந்தஸ்தும் தடையாகக் கூடாது. பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட்-டெ-நேஜிலும் வாழும் தமிழருக்கு, பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தாருங்கள். சித்தப்பாவையோ பதினைந்து வயது மகளையோ வைத்து எச்.ஐ.வி. முடிவைச் சொல்லாதீர்கள். கியூபெக் மருத்துவக் காப்புறுதி அட்டை இல்லாதவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாக வேண்டும்.

10. ஆண்டுதோறும் கணக்குச் சொல்லுங்கள். 2017 டிசம்பர் 1-ஆம் திகதி, எயிட்ஸை ஒழிக்கும் நகரங்களின் பரிஸ் பிரகடனத்தில் மொன்றியல் கையெழுத்திட்டது. ஹெபடைடிஸ் சி-யின் புதிய தொற்றுகளை 2030-க்குள் 80 சதவீதம் குறைப்பது உலக இலக்கு. எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் குணமடைந்தார்கள், யார் விடுபட்டார்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் மக்கள் முன் வையுங்கள்.

எங்கள் சமூகத்திடம் நாங்கள் கேட்பவை

1986-ல் சென்னையில் வைத்தியர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தார்கள். பேச வெட்கப்பட்ட ஒரு காலத்தில் இரு தமிழ்நாட்டுப் பெண்கள் செய்த பணி அது. கோயில் மண்டபத்திலும் தேவாலயத்திலும் வானொலியிலும் இந்த நோய்களைப் பற்றிப் பேச நமக்கு இன்னும் என்ன தயக்கம்?

மகன் ஊசி ஏற்றுகிறான் என்று தெரிந்ததும் வீட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். "நாலு பேர் என்ன சொல்லுவினம்" என்ற பயத்தில் பிள்ளையை இழந்த வீடுகள் நம்மிடையே உண்டு. தட்டும் கோப்பையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை: கூட உண்பதாலோ கட்டி அணைப்பதாலோ இந்த நோய்கள் தொற்றுவதில்லை. அளவு மீறி மயங்கிக் கிடப்பவரைக் கண்டால் உடனே 911-ஐ அழையுங்கள். அழைத்தவர் மீதும் மயங்கியவர் மீதும் போதைமருந்து வைத்திருந்த குற்றம் சுமத்தப்படாதபடி 2017-ன் மத்தியச் சட்டம் காக்கிறது. ஓபியாயிட் மயக்கத்திலிருந்து உயிரை மீட்கும் நாலொக்சோன் கியூபெக் மருந்தகங்களில் இலவசம். ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள்.

அரசுகளிடம் நாங்கள் சலுகை கேட்கவில்லை. இந்த மக்களின் இரத்தத்திலிருந்து கற்றதை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறோம். இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் இச்சாசனத்தில் கையெழுத்திட்டு, உங்கள் தொகுதியின் மாகாண, மத்திய உறுப்பினர்களிடம் கொண்டு சேருங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.