கேமரா எந்தப் பக்கம் பாக்குது?

சாரல் ஆரம்பிச்சா எங்க ஹாஸ்டல்ல பாதி ரூம் காலியாயிடும் மக்கா! துண்டு, மாத்துத் துணி, ஒரு பழைய டவுசர்... அவ்வளவுதான் லக்கேஜ். எண்ணெய் பாட்டிலுக்கு மட்டும் இடம் இல்லை. 2014-லேயே ஹைகோர்ட் மதுரைக் கிளை குற்றால அருவிகள்ல எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாத்துக்கும் தடை போட்டுருச்சு. எங்க தாத்தாவுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரலை.

நான் தென்காசிக்காரன். அதனால கைடு வேலை எப்பவும் என் தலையில. போன சீஸன்ல ஆறு பேரைக் கூட்டிக்கிட்டு மெயின் அருவிக்குப் போனேன். கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம்! தலையைக் கொடுத்து ரெண்டு நிமிஷம்கூட ஆகலை, போலீஸ்காரர் விசிலை ஊதி 'நகரு, நகரு'ன்னு விரட்டுறார். துவட்டிக்கிட்டே நிமிர்ந்து பார்த்த சென்னைப் பையன் ஒருத்தன், கம்பத்துல இருந்த கேமராவைக் காட்டிக் கேட்டான்: "ஏன்டா, நாம இப்படி நிக்கிறதை எல்லாம் யார்டா உட்கார்ந்து பாக்கிறா?"

எல்லாரும் சிரிச்சோம். ஆனா சத்தியமா எனக்குப் பதில் தெரியலை.

கேமராவே வேண்டாம்னு சொல்ற ஆள் இல்லை நான். பெண்கள் குளிக்கிற பக்கம் செல்போனைத் தூக்குற ஜென்மங்களை நானே பார்த்திருக்கேன். 2024 மே 17-ல பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் பாய்ஞ்சு, நெல்லையைச் சேர்ந்த ஒரு ஸ்கூல் பையனை அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. மலை மேல தண்ணி ஏறுறதைப் பார்த்துச் சொல்ல ஒரு கண் இருக்கிறது நல்லதுதான். என் சந்தேகம் வேற. அந்தக் கண் எந்தப் பக்கம் பாக்குது?

நான் ப்ளஸ் ஒன் படிச்சப்போ பெங்களூருல இருந்து சொந்தக்காரங்க வந்து ஒரு ரிசார்ட்ல தங்கினாங்க. பார்க்கப் போனேன். கேட்ல செக்யூரிட்டி என் பேரு, போன் நம்பர், யாரைப் பார்க்கணும் எல்லாம் நோட்டுல எழுதி வாங்கிட்டுத்தான் உள்ளே விட்டார். உள்ளே போனா... அருவி! காம்பவுண்டுக்குள்ளேயே, நாலஞ்சு பேருக்காக மட்டும் கொட்டிக்கிட்டு இருக்கு. வரிசை கிடையாது, விசில் கிடையாது. "தண்ணி எங்கேருந்து அண்ணாச்சி வருது?"ன்னு அங்கே வேலை பார்த்தவர்கிட்ட கேட்டேன். "மலையிலேருந்துதான் தம்பி, வேற எங்கேருந்து வரும்?" என்றார் சாதாரணமா.

அதை நானும் சாதாரணமாத்தான் எடுத்துக்கிட்டேன். 2022 நவம்பர்ல பேப்பரைப் பார்த்தப்போதான் தூக்கிவாரிப் போட்டது. இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பி, செயற்கை அருவி உண்டாக்கிக் காசு பார்க்கிற தனியார் ரிசார்ட்டுகள் மேல நடவடிக்கை எடுக்கணும், குழு போட்டு ஆய்வு செய்யணும்னு மதுரைக் கிளை உத்தரவு போட்டிருந்தது. யோசிச்சுப் பாருங்க. கீழே நாம சோப்பு போடுறோமான்னு பார்க்க ஆள் இருக்கு. மேல தண்ணியையே திருப்பினதைக் கோர்ட்டுக்குக் கொண்டு போனது எந்தக் கேமராவும் இல்லை, ஒருத்தர் போட்ட வழக்கு!

குற்றாலத்தோட பெருமையே காசு கேட்காம குளிக்க விடுறதுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி டிரைவரும் கல்யாண கோஷ்டியும் ஒரே தண்ணியில நிக்கிற இடம் அது. 2024 வெள்ளத்துக்கு அப்புறம் பழைய குற்றாலத்தை வனத்துறைகிட்ட ஒப்படைக்கலாம்னு பேச்சு வந்தப்போ ஊர்க்காரங்க கொதிச்சதுக்கும் காரணம் அதுதான். நாளைக்கு டிக்கெட், டைம்னு வந்துட்டா?

மாமாகிட்ட இதை எல்லாம் சொன்னேன். "உனக்குத்தாம்டே இது புதுசு"ன்னு சிரிச்சார். ஒரு காலத்துல தென்காசியில ப்ரௌசிங் சென்டர் வெச்சிருந்தவர். 2011-ல மத்திய அரசு போட்ட சைபர் கஃபே விதிகள் அவருக்கு இன்னும் மனப்பாடம். ஐ.டி. கார்டு இல்லாம யாரையும் உட்கார வைக்கக் கூடாது. கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல இருக்கக் கூடாது. தடுப்பு இல்லாத கம்ப்யூட்டர்னா ஸ்கிரீன் எல்லாரும் பார்க்கிற மாதிரி திரும்பி இருக்கணும். யார் என்ன வெப்சைட் பார்த்தாங்கங்கிற விவரம் ஒரு வருஷம் பத்திரமா இருக்கணும். "ரிசல்ட் பாக்க வந்த பிள்ளையள்ட்டயும் கார்டு கேட்டேன்டே. போலீஸ் வந்தா நோட்டை நீட்டணும்லா!" கடையை மூடி வருஷம் பல ஆச்சு. இப்போ நோட்டு நம்ம பாக்கெட்டுலேயே இருக்கு. எழுதுறது மட்டும் கம்பெனிக்காரன்.

'தப்பு பண்ணாதவனுக்கு என்ன பாஸ் பயம்?' அப்படீங்கிறீங்களா? 2017 அக்டோபர் 23, திங்கள்கிழமை. குறைதீர் கூட்டம் நடக்கிற நாள். இப்போ எங்க தென்காசி மாவட்டத்துல இருக்கிற காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, ரெண்டு சின்னப் பெண் குழந்தைகளோட நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல தீக்குளிச்சார். நாலு பேரும் இறந்துட்டாங்க. கந்துவட்டிக் கொடுமைன்னு அதுக்கு முன்னாடி பல தடவை மனு கொடுத்த குடும்பம். அப்புறம் என்ன ஆச்சு? வாசல்ல போலீஸ் நின்னு, மனுவோட வர்றவங்க பையைத் திறந்து, தண்ணி பாட்டிலை மோந்து பார்க்க ஆரம்பிச்சாங்க. மனுவைக் கவனிச்சிருக்கணும். கவனிச்சது பாட்டிலை.

இந்தக் கோபத்தைக் கார்ட்டூனா வரைஞ்சு ஃபேஸ்புக்கில் போட்ட கார்ட்டூனிஸ்ட் பாலாவை, கலெக்டர் கொடுத்த புகாரின் பேரில் நவம்பர் 5-ம் தேதி சென்னைக்கே வந்து கைது பண்ணிச்சு நெல்லை போலீஸ். மறுநாள் ஜாமீன் கிடைச்சது. கார்ட்டூன் நாகரிகமா இருந்ததா இல்லையான்னு சண்டை போடலாம். ஆனா, 'லைக்' போட்டவங்க எத்தனை பேர் அன்னைக்கு ராத்திரி போனை எடுத்து அதை அழிச்சிருப்பாங்க?

இன்னொண்ணும் சொல்லிடறேன். 2020 ஜூன்ல சாத்தான்குளம். ஜெயராஜ், பென்னிக்ஸ் இறந்தப்போ விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராப் பதிவு தினமும் தானாவே அழியுற மாதிரி செட் பண்ணப்பட்டிருந்ததைக் கண்டுபிடிச்சார். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டி.பி. இடம் இருந்தும்! ஆனா பக்கத்துக் கடை கேமராவில் இருந்த காட்சிதான் எஃப்.ஐ.ஆர். கதைக்கு நேர்மாறா இருந்தது. அதே வருஷம் டிசம்பர்ல, எல்லாப் போலீஸ் ஸ்டேஷன்லேயும் கேமரா வேணும், பதிவைப் பதினெட்டு மாசம் வெச்சிருக்கணும்னு உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்குல சொல்லிச்சு. அதனால கேமராவைத் திட்டுறதுல அர்த்தமில்லை. அழிக்கிற பட்டன் யார் கையில இருக்கு, பார்க்கணும்னு நாம கேட்டா காட்டுவாங்களா... அதுதான் மேட்டர்.

கேட்டுத்தான் பார்ப்போமேன்னு ஒரு ஆர்.டி.ஐ. மனு எழுதினேன். அருவிக்கரையில மொத்தம் எத்தனை கேமரா, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் யார் பார்க்கலாம். மூணே கேள்வி. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி போஸ்ட்டில் அனுப்பிட்டு வீட்டுல சொன்னா, அப்பா சாப்பிட்டுக்கிட்டு இருந்த கையை நிறுத்திட்டார்.

"எதுக்குடே இந்த வம்பு? நாளைக்கு பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்கு வருவான். பேரு, அட்ரஸ் எல்லாம் எழுதிக் குடுத்திருக்கியே!"

"ஏன் கேக்கிறேன்னு காரணம்கூடச் சொல்ல வேண்டாம்ப்பா. சட்டத்துலயே இருக்கு!"

"சட்டம் தெரியும்டே எனக்கு" என்று மட்டும் சொல்லிட்டு எழுந்து போயிட்டார். அன்னைக்கு ராத்திரி எனக்கும் கொஞ்சம் தூக்கம் வரலை. கேம்பஸ் இன்டர்வியூ வர்ற வருஷம் பாருங்க.

பதில் கொடுக்க முப்பது நாள் டைம். இன்னைக்குப் பத்தொன்பதாவது நாள். போஸ்ட்மேன் அண்ணாச்சி எங்க தெருவுக்குள்ளே வந்தாலே நான் வாசலுக்கு ஓடுறேன். அம்மா வேற எதையோ சந்தேகப்படறாங்க.