கிளாட்சுடன் விட்டுச்சென்ற பெயர்கள்

இங்கிலாந்தின் தலைமையமைச்சனாய் நான்கு முறை வீற்றிருந்த வில்லியம் கிளாட்சுடனை அறிந்தோர் பலர். அவன் தந்தை சான் கிளாட்சுடனை அறிந்தோர் சிலரே. 1764இல் இசுக்காட்லாந்தின் இலீத் துறைநகரில் பிறந்து, இலிவர்பூலில் வணிகனாய் வளர்ந்து, தெமெராராவில் கரும்புத் தோட்டங்களைக் குவித்தவன் அவன். இன்றைய கயானாவின் ஒரு பகுதியே அன்றைய தெமெராரா. அம்மண்ணில் அவன் ஒருநாளும் காலடி வைத்ததில்லை! இலிவர்பூலிலிருந்தே கணக்குப் பார்த்தான், கோயில்களும் கட்டுவித்தான்.

அவன் தோட்டங்களுள் ஒன்றின் பெயர் 'சக்செசு'; வெற்றி என்று பொருள். 1823 ஆகசுட்டு 18ஆம் நாள் அங்குதான் அடிமைகளின் கிளர்ச்சி வெடித்தது. அதனை முன்னின்று நடத்தியவன் சாக் கிளாட்சுடன். ஆம், ஆண்டையின் பெயரே அடிமைக்கும்! ஆப்பிரிக்க மண்ணிலிருந்து பிடித்துக் கொணரப்பட்ட தச்சன் குவாமினாவின் மகன் அவன். தந்தைக்குத் தாய்மண்ணின் பெயர் எஞ்சியிருந்தது. மகனுக்கு அதுவும் இல்லை. கிளர்ச்சி சில நாள்களில் ஒடுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். குவாமினாவைச் சுட்டுக்கொன்று, உடலை அத்தோட்டத்தின் முன்னரே இரும்புத் தொடரியில் தொங்கவிட்டனர். மகன் நாடு கடத்தப்பட்டான்.

1833இல் அடிமையொழிப்புச் சட்டம் வந்தது. இழப்பீடு யாருக்கு? உழைத்துத் தேய்ந்தவர்க்கு ஒரு காசும் இல்லை. உடையவர்க்கு இரண்டு கோடிப் பவுன்! சான் கிளாட்சுடனுக்கு 2,500க்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு ஈடாக ஒரு நூறாயிரம் பவுனுக்கு மேல் கிடைத்தது. இவ்விழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடன் 2015இல்தான் முற்றிலும் அடைந்தது என்பதை அறிந்து வியவாதார் யார்?

பணம் வந்தது, ஆள் வேண்டுமே! 1836 தொடக்கத்தில் கல்கத்தாவின் வணிக நிறுவனமொன்றுக்கு அவன் மடல் எழுதினான். இவர்களுக்குப் போகுமிடமும் தெரியாது, பயணத்தின் தொலைவும் தெரியாது என்று மறுமொழி வந்தது. எச்சரிக்கையாக அன்று, ஏந்தாக! 1838 மே 5ஆம் நாள் விட்பி, எசுப்பரசு என்னும் இரு கப்பல்கள் 396 பேரை இறக்கின. அவருள் ஒரு பகுதியினர் சென்ற தோட்டம் விரீடன்கூப். அமைதியும் நம்பிக்கையும் என்பது அவ்விடச்சுப் பெயரின் பொருள். தப்பியோடியவரைப் பிடித்துக் கசையால் அடித்ததும், புண்ணில் உப்புநீர் தேய்த்ததும் 1839இல் நடந்த உசாவலில் வெளிவந்தன. ஆளேற்றம் சிறிதுகாலம் நின்றது. மீண்டும் தொடங்கியபோது, 1845இல், சென்னைத் துறையிலிருந்தும் கப்பல் புறப்பட்டது.

அக்கப்பல்களில் சென்ற தமிழர் அங்குச் சிறுபான்மையர். மூன்று நான்கு தலைமுறைகளில் அவர்தம் வாயிலிருந்து தமிழ் உதிர்ந்தது. ஆயினும் சாக் கிளாட்சுடனுக்கு நேர்ந்தது அவர்க்கு முற்றும் நேரவில்லை. வீராசாமி, பெருமாள், நாகமுத்து என்னும் பெயர்கள் நிலைத்தன. 2015 முதல் 2020 வரை கயானாவின் தலைமையமைச்சராய் இருந்தவரும் நாகமுத்து என்னும் பெயரினரே. மாரியம்மன் வழிபாட்டில் தப்பும் உடுக்கையும் அப்பெயர்களாலேயே இன்றும் ஒலிக்கின்றன.

சான் கிளாட்சுடன் 1846இல் பட்டம் பெற்று, 1851இல் தன் மாளிகையில் கண்மூடினான். 2023 ஆகசுட்டுத் திங்களில் அவன் வழிவந்தோர் கயானாப் பல்கலைக்கழகத்தில் நின்று மன்னிப்புக் கேட்டனர். அரங்கிலிருந்தோருள் சிலர் இழப்பீடு எங்கே என்று பதாகை தூக்கினர்.